ஆட்டோகேடில் லேயர்: முதல் கோடு போடும் முன்பே செய்ய வேண்டியது

கம்ப்யூட்டரில் பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேடைத் திறந்ததும் நேராகச் சுவர் வரைய ஆரம்பித்துவிடுவதுதான் புதிதாகப் படிக்கும் பலரின் வழக்கம். என் முதல் வீட்டு பிளானில் சுவர், கதவு, அளவு, எழுத்து எல்லாமே ‘0’ என்ற ஒரே லேயரில் கிடந்தன. லேயர் என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி; ஒவ்வொரு வகைப் பொருளையும் ஒரு தாளில் வரைந்து, வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம். “எலக்ட்ரீஷியனுக்குச் சுவரும் லைட் பாயின்ட்டும் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பிரின்ட் வேண்டும்” என்று கேட்டார்கள். ஒவ்வொரு கோடாகப் பிரித்தெடுக்க ஒரு ராத்திரி முழுக்கப் போனது. அந்த ராத்திரி உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

புது டிராயிங் திறந்து, எல்ஏ (LA) என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். லேயர் மேனேஜர் வரும். ஆல்ட் (Alt), என் (N) இரண்டு கீயையும் சேர்த்து அழுத்தினால் புது லேயர். பெயரை ‘சுவர்’ என்று கொடுத்து ஒரு கமா போடுங்கள், அடுத்த லேயர் தானாக வரும். இப்படியே கதவு-ஜன்னல், அளவு, எழுத்து, எலக்ட்ரிக்கல், சென்டர் லைன் (மையக் கோடு) எல்லாவற்றையும் உருவாக்கிவிடலாம்.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு கோட்டுத் தடிமன். நான் சுவருக்கு 0.50 மி.மீ., கதவு ஜன்னலுக்கு 0.25, அளவுக் கோட்டுக்கு 0.18 வைப்பேன். பிரின்ட்டில் சுவர் எடுப்பாகத் தெரியும்.

சென்டர் லைனுக்குக் கோட்டு வகையை மாற்றும்போது பலர் தடுமாறுவார்கள். அந்த லேயரின் வரிசையில் ‘கன்டினியூயஸ்’ (முழுக் கோடு) என்பதைக் கிளிக் செய்து, லோடு அழுத்தி, ‘சென்டர்’ வகையைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. பட்டியலில் அதை மறுபடி தேர்ந்தெடுத்துத்தான் ஓகே கொடுக்க வேண்டும். அப்படியும் கோடு முழுசாகவே தெரிந்தால், எல்டிஎஸ் (LTS) என்று டைப் செய்து, கோட்டு வகையின் ஸ்கேல் எண்ணைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

சரி, இனி வரையலாம். எதை வரையப் போகிறீர்களோ அந்த லேயரை லேயர் மேனேஜரில் இரட்டைக் கிளிக் செய்து கரன்ட், அதாவது இப்போது வரையும் லேயர், ஆக்குங்கள். மேலே நிறம், கோட்டு வகை, தடிமன் மூன்றும் ‘பைலேயர்’ (லேயருக்குக் கொடுத்ததையே எடுத்துக்கொள்) என்றே இருக்கட்டும். தனிக் கோட்டுக்குக் கையால் நிறம் கொடுத்துவிட்டால், நாளைக்கு லேயரின் நிறத்தை மாற்றும்போது அந்தக் கோடு மட்டும் மாறாது.

‘0’ லேயரை பிளாக் (கதவு மாதிரித் திரும்பத் திரும்ப வருவதை ஒரே பொருளாகச் சேர்த்து வைப்பது) உருவாக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பைலேயராக வரைந்து பிளாக் ஆக்கிய கதவு, எந்த லேயரில் இன்சர்ட் செய்கிறீர்களோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும்.

ஒரு லேயரை மறைப்பதற்கு இரண்டு வழி உண்டு: பல்பு ஐகான் ஆஃப், சூரியன் ஐகான் ஃப்ரீஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. ஆஃப் செய்த லேயரில் இருப்பவை கண்ணுக்குத்தான் தெரியாது. அழிக்கும் கட்டளையில் ‘ஆல்’ என்று கொடுத்தால் அவையும் சேர்ந்து போய்விடும். ஃப்ரீஸ் செய்தவை தப்பிக்கும். அதனால் மறைக்க ஃப்ரீஸையே பயன்படுத்துங்கள். கரன்ட் லேயரை மட்டும் ஃப்ரீஸ் செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரிய வேண்டும், கை படக்கூடாது என்றால் பூட்டு ஐகான்.

ஏற்கெனவே எல்லாவற்றையும் ‘0’-வில் வரைந்துவிட்டீர்களா? அழிக்க வேண்டாம். பொருள்களைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள லேயர் பட்டியலில் சரியான பெயரைக் கிளிக் செய்தால் அங்கே மாறிவிடும். முதலில் சுவர்களை மாற்றி அந்த லேயரை ஃப்ரீஸ் செய்யுங்கள், மிச்சத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிடும்.