டெக்சாஸ் வரலாற்றில் இன்று: சொந்தமாக ஒரு நாட்காட்டி செய்வது எப்படி

இங்கே டெக்சாஸில் நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் மாநில வரலாறு பாடமாக வருகிறது. வீட்டில் அந்த வயதில் பிள்ளை இருந்தால் அலமோ கோட்டையும் படைத்தலைவர் சாம் ஹூஸ்டனும் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிடுவார்கள். காலையில் போனைத் திறந்தால் "டெக்சாஸில் இதே நாளில்" என்று ஒரு வரி தமிழில் வருகிற மாதிரி ஒரு நாட்காட்டி செய்து வைத்திருக்கிறேன். எப்படி என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம். ஸ்பிரெட்ஷீட்டில் வரிசைப்படுத்தவும் ஃபில்டர் போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு மாநிலத்துக்குச் செய்தாலும் இதே வழிதான்.

படி 1: நிகழ்வுகளைச் சேர்ப்பது

டெக்சாஸ் மாநில வரலாற்றுச் சங்கத்தின் ஹேண்ட்புக் ஆஃப் டெக்சாஸ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். பழைய செய்தித்தாள்களுக்கு வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் போர்ட்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களிலிருந்து ஒரு தேதிகூட எடுக்காதீர்கள். செய்தித்தாளிலும் தாளின் மேலே உள்ள தேதியை நிகழ்வின் தேதியாகப் போட்டுவிடக் கூடாது: அலமோ கோட்டை மெக்சிகோ படையிடம் விழுந்தது 1836 மார்ச் 6, அந்தச் செய்தி டெலிகிராஃப் அண்ட் டெக்சாஸ் ரெஜிஸ்டர் பத்திரிகையில் மார்ச் 24 இதழில்தான் விரிவாக வருகிறது.

365 நாளையும் நிரப்ப வேண்டும் என்று உட்கார்ந்தால் பிரபலங்களின் பிறந்தநாளாகப் போட்டுத் தள்ளிவிடுவோம், பார்க்கவே சலிப்பாக இருக்கும். முதலில் பெரிய நிகழ்வுகளை மட்டும் போடுங்கள். பிள்ளைகளுக்கு இன்றைக்கும் கைக்கெட்டுகிற விஷயமாக இருந்தால் ரொம்ப நல்லது. 1937 மார்ச் 18 அன்று நியூ லண்டன் ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் கசிந்த எரிவாயு வெடித்து சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது, அதனால் கசிவது யாருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் போட்டது. அடுப்படியில் காஸ் கசிந்தால் மூக்கில் ஏறுகிற அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

படி 2: அன்றைக்கு நடந்தது என்ன, அதை மட்டும் எழுதுவது

பெரும்பாலான "வரலாற்றில் இன்று" பட்டியல்கள் சறுக்குவது இங்கேதான். 1865 ஜூன் 19-க்கு "டெக்சாஸில் அடிமைகள் விடுதலை" என்று போட்டால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு நடந்தது, அமெரிக்க ராணுவ ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் ஊரில் 3-ஆம் எண் பொது ஆணையை வெளியிட்டது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-லேயே வந்தாயிற்று, டெக்சாஸில் அதை நடைமுறைப்படுத்த ஆள் இல்லாமல் இரண்டரை வருடம் ஓடிவிட்டது. ஆணை வந்த பிறகும் எல்லாப் பண்ணைகளுக்கும் சேதி ஒரே நாளில் போகவில்லை. அதே ஆணை, விடுதலையானவர்கள் இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யட்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்கா முழுக்க அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத் திருத்தம் நிறைவேறியது அந்த வருட டிசம்பரில். ஆக, ஜூன் 19-க்கு "ஆணை வெளியானது" என்று எழுதுங்கள், மற்றதை அடுத்த வரியில் விளக்கிக்கொள்ளலாம்.

டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்த நாள் எது? அமெரிக்க அதிபர் போல்க் கையெழுத்திட்டது 1845 டிசம்பர் 29. அதுவரை தனி நாடாக இருந்த டெக்சாஸ் குடியரசின் கடைசி அதிபர் ஆன்சன் ஜோன்ஸ் ஆஸ்டினில் அதிகாரத்தை ஒப்படைத்தது 1846 பிப்ரவரி 19. இரண்டையும் போடுங்கள், "கையெழுத்து", "ஒப்படைப்பு" என்று வினையை மாற்றி.

எண்ணிக்கை விஷயத்திலும் கவனம் வேண்டும். 1900 செப்டம்பர் 8 கால்வெஸ்டன் புயலில் இறந்தவர்கள் 6,000-லிருந்து 12,000 வரை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்படியே வீச்சாகப் போட்டுவிடுங்கள்.

படி 3: தேதிக் கட்டம் (இதைப் பொறுமையாகப் படிக்கவும்)

எக்செல்லுக்கு உலகம் தொடங்குவதே 1900 ஜனவரி 1-இல்தான். அதற்கு முந்தைய தேதியைக் கொடுத்தால் திட்டாது, சத்தமில்லாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பார்க்கத் தேதி மாதிரியேதான் இருக்கும், கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்பது ஒன்றுதான் அடையாளம். வரிசைப்படுத்தினால் 1901 ஜனவரி 10 ஸ்பிண்டில்டாப் எண்ணெய்க் கிணறு மேலேயும் மெக்சிகோவிடமிருந்து பிரிந்த 1836 மார்ச் 2 சுதந்திரப் பிரகடனம் அடியிலும் போய் உட்காரும். சரி, டேட் ஃபார்முலாவில் 1836, 3, 2 என்று பிரித்துக் கொடுப்போம் என்று போனால் அது இன்னும் கூத்து: 1900-க்குக் குறைவான எந்த ஆண்டைக் கொடுத்தாலும் அதோடு 1900-ஐக் கூட்டிவிடும். டெக்சாஸ் சுதந்திரம் 3736-ஆம் ஆண்டுக்குத் தள்ளிப்போய்விடும். கூகுள் ஷீட்ஸிலும் அந்த ஃபார்முலா இதே கதைதான். லிப்ரேஆபிஸ் கால்க்கில் இந்தத் தொல்லை இல்லை, என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் கால்க்கும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தளங்களில் மாதம் முதலில் வரும், நம் கணினியில் இந்திய அமைப்பு இருந்தால் நாள் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். 3/18/1937 என்று ஒட்டினால் 18-ஆவது மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். 9/8/1900 என்று ஒட்டினால்? கால்வெஸ்டன் புயல் ஆகஸ்ட் 9-க்கு மாறிவிடும். ஆகஸ்டும் புயல் மாதம்தானே, யாருக்கும் சந்தேகமே வராது.

அதனால் தேதியைத் தேதியாகவே வைக்காதீர்கள். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று கட்டம், மூன்றிலும் வெறும் எண். நான்காவதாக ஒரு சாவி எண்: மாதத்தை 100-ஆல் பெருக்கி நாளைக் கூட்டவும். மார்ச் 2 என்றால் 302, மெக்சிகோ படையை டெக்சாஸ் வென்ற சான் ஜசிண்டோ போர் நடந்த ஏப்ரல் 21 என்றால் 421. சாவியை முதலிலும் ஆண்டை இரண்டாவதாகவும் வைத்து வரிசைப்படுத்தினால் எந்த மென்பொருளிலும் சரியாக வரும். இன்றைய தேதிக்கும் அதே கணக்கைப் போட்டு ஃபில்டர் செய்தால் இன்றைய நிகழ்வு கிடைத்துவிடும்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. 201-இல் இரண்டு வரி வந்து நிற்கும்: 1861-இல் அமெரிக்காவைவிட்டுப் பிரிய 166-க்கு 8 என்று மாநாட்டில் வாக்களித்த நாள், 2003-இல் கொலம்பியா விண்கலம் டெக்சாஸ் வானத்தில் சிதறிய நாள். அதில் இறந்த ஏழு பேரில் ஒருவரான கல்பனா சாவ்லா படித்தது இங்கே ஆர்லிங்டனில். 912-இல் ஜாக் கில்பி டல்லாஸில் முதல் ஐசி (ஒருங்கிணைந்த மின்சுற்று) சில்லை இயக்கிக் காட்டியது 1958, ரைஸ் பல்கலைக்கழகத்தில் கென்னடி நிலாப் பயணம் பற்றிப் பேசியது 1962. தேடிப் போனால் கிடைக்காத ஜோடிகள் இவை.

படி 4: யாருடைய கடிகாரம்?

ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தபோது ஹூஸ்டனில் 1969 ஜூலை 20 இரவு 9:56, சென்னையில் ஜூலை 21 காலை 8:26. இது டெக்சாஸ் நாட்காட்டி, எனவே 720. கிரீன்விச் நேரத்தில் எழுதியிருக்கும் பக்கங்களிலிருந்து எடுத்தால் கழித்துக்கொள்ளவும். நிலாவுக்குப் போன அப்போலோ 13 விண்கலத்தில் நடந்த வெடிப்பும் இப்படித்தான்: ஹூஸ்டனில் ஏப்ரல் 13 இரவு, கிரீன்விச்சில் 14.

படி 5: போனுக்கு அனுப்புவது

கூகுள் காலண்டரில் முதலில் தனியாக ஒரு புது நாட்காட்டி உருவாக்குங்கள், ஏதாவது சொதப்பினால் மொத்தமாக அழித்துவிடலாம். அப்புறம் ஷீட்டை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பாகச் சேமித்து, கணினியிலிருந்து இறக்குமதி செய்யவும், போன் ஆப்பில் அந்த வசதி இல்லை. மேல் வரிசைத் தலைப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், இந்தக் கோப்பில் மட்டும் மூன்று கட்டத்தையும் சேர்த்து ஒரே தேதியாக, மாதம் முதலில், ஆண்டு நடப்பு ஆண்டு. முழுநாள் நிகழ்வாகவே போடுங்கள், நேரம் கொடுத்தால் ஊருக்குப் போகும்போது அடுத்த நாளுக்கு நகர்ந்துவிடும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

சேர்க்கை: வருடா வருடம் தானாக வருமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். சிஎஸ்வியில் வராது. ஐசிஎஸ் என்ற நாட்காட்டிக் கோப்பில் செய்யலாம், ஆனால் டிசம்பரில் ஆண்டுக் கட்டத்தை மாற்றி மறுபடி ஏற்றுவது எனக்கு எளிது, பிழை திருத்தவும் ஒரு வாய்ப்பு.

இன்னொரு சேர்க்கை: பல நாள் நீடித்தவற்றை எப்படிப் போடுவது? தொடக்கமும் முடிவும் போதும். அலமோ முற்றுகைக்கு 223, 306. 2021 பனிப்புயலுக்கு, மின்சாரத்தை வெட்டத் தொடங்கிய பிப்ரவரி 15, அதாவது 215. பிப்ரவரி 29-இல் ஏதாவது சேர்த்தால் சாவி 229 ஆகவே இருக்கட்டும், லீப் இல்லாத வருடங்களில் ஏற்றும் கோப்பில் மட்டும் 28-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.