அவுட்டிரைவ் கியர் ஏன் சீக்கிரம் போகிறது? பவர்போட்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

350 குதிரைத்திறன் எஞ்சினைத் தூக்கிவிட்டு 500-ஐ இறக்கியவர், அடுத்த சீசன் முடிவதற்குள் அவுட்டிரைவை (எஞ்சின் சக்தியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோக, படகின் பின்புறத்தில் வெளியே மாட்டியிருக்கும் பகுதி) கழற்றிப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பது படகுக்காரர்கள் மத்தியில் சகஜம். பழி முதலில் கியரின் மேல்தான் விழும். "மெட்டல் மட்டம், இன்னும் ஸ்ட்ராங்கான செட் போடணும்" என்பார். போடுவார். அதுவும் பல்லைக் கொட்டும். கியரின் தரம் முக்கியம்தான். ஆனால் உடைந்ததை நிதானமாகப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது வேறு: சுமை பல்லின் மேல் வந்து விழுந்த விதம், எண்ணெயின் நிலை, செட் செய்தவரின் அவசரம்.

எஞ்சினிலிருந்து வரும் சக்தி கப்ளர் (எஞ்சினையும் தண்டையும் இணைப்பது), யூ-ஜாயின்ட் (தண்டு கோணம் மாறினாலும் சுழற்றும் இணைப்பு) வழியாக மேல் கியர் செட்டுக்கு வந்து 90 டிகிரி திரும்புகிறது. செங்குத்தான தண்டில் இறங்கி, கீழ் கியர் செட்டில் இன்னொரு 90 டிகிரி திரும்பி ப்ரொப்பெல்லருக்குப் போகிறது. இரண்டு திருப்பங்களிலும் இருப்பவை பெவல் கியர்கள், அதாவது கூம்பு வடிவப் பல்சக்கரங்கள். சுமை ஏற ஏற இவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். விலகாமல் பிடித்து வைப்பது பேரிங்குகளும் அலுமினிய உறையும்தான்.

குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது

பல்லை வளைப்பது டார்க், அதாவது தண்டைச் சுழற்றும் முறுக்கு விசை. ஒரே 500 குதிரைத்திறனை இரண்டு எஞ்சின்கள் வேறு வேறு மாதிரி தரும். 5000 ஆர்பிஎம்மில் 500 தருகிற எஞ்சினில் அந்த இடத்தில் டார்க் சுமார் 712 நியூட்டன் மீட்டர். சூப்பர்சார்ஜர் போட்டு 4000-லேயே 500 எடுத்தால் அது 890. டிரைவின் மொத்த ரேஷியோ 1.5 (எஞ்சின் ஒன்றரைச் சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று) என்றால் ப்ரொப்பெல்லர் தண்டுக்குப் போவது முறையே 1068, 1335. விளம்பரத் தாளில் இரண்டும் "500 எச்பி"தான். டிரைவுக்கோ 25 சதவீதம் கூடுதல் சுமை.

இந்த 25 சதவீதம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ரோலர் பேரிங்கின் ஆயுள் சுமையின் 10/3 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இறங்கும் என்பது பொறியியலில் வழக்கமாகப் போடும் கணக்கு. சுமை கால் பங்கு கூடினால் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பேரிங் தளர்ந்தால் கியர் விலகும், கியர் விலகினால் பல்லின் ஓரம் மட்டும் சுமக்கும், பிறகு உடையும். கையில் கிடைப்பது உடைந்த கியர் என்பதால் பேரிங்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

படகின் எடையும் இதில் சேரும். இலேசான படகு சட்டென்று தண்ணீரின் மேல் எழுந்து ஓட ஆரம்பித்துவிடும். கனமான படகு எழுவதற்கே திணறும், அவ்வளவு நேரமும் கியர் உச்ச டார்க்கைச் சுமந்துகொண்டிருக்கும். நின்ற இடத்திலிருந்து லீவரை ஒரே தள்ளாகத் தள்ளுவதைக் கைவிட்டு, படகு எழும் வரை படிப்படியாகக் கொடுத்து, எழுந்த பிறகு முழுதாகத் திறந்தால் காசு செலவில்லாமல் ஆயுள் கூடும்.

அலையிலிருந்து எழும்பும்போது த்ராட்டிலைப் பிடித்தே இருப்பது

கியரைக் கொல்வதில் இதற்கு நிகர் வேறில்லை. அலையின் உச்சியில் படகு தண்ணீரை விட்டு எழும்புகிறது. ப்ரொப்பெல்லர் காற்றில் சுற்றுகிறது, எதிர்ப்பு இல்லை. 4500-ல் இருந்த எஞ்சின் கண்ணிமைக்கும் நேரத்தில் 5500-க்குத் தாவுகிறது. சுழலும் பாகங்களில் தேங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், இந்த ஆயிரம் ஆர்பிஎம்மிலேயே அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. படகு இறங்குகிறது, ப்ரொப்பெல்லர் தண்ணீரைக் கவ்வுகிறது, வேகம் ஒரே நொடியில் பழைய நிலைக்கு இழுக்கப்படுகிறது. கிராங்க், ஃபிளைவீல், கப்ளர் எல்லாம் சுமந்திருந்த ஆற்றல் அப்படியே சில பற்களின் மேல் வந்து அடிக்கிறது. எதிராளி திடீரென விட்டுப் பிடித்த கயிறு மாதிரி. தொடர்ந்து தரும் சுமையைத் தாங்கும் கியர் இந்த வெட்டிழுப்பைத் தாங்குவதில்லை.

கடல் பந்தயப் படகுகளில் ஸ்டியரிங்குக்கு ஒருவர், த்ராட்டிலுக்கென்றே இன்னொருவர் என்று உட்காருவது இதற்காகவும்தான். படகு எழும்பும்போதே த்ராட்டிலைக் குறைத்து, ப்ரொப்பெல்லர் மறுபடி தண்ணீரைப் பிடித்த பிறகே கொடுக்க வேண்டும். தண்ணீரில் இறங்குகிற நேரத்தில் கொடுப்பது, கொடுத்தபடியே இறங்குவதைவிடப் பெரிதாக மேல் இல்லை.

"எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் வெட்டும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே" என்பார்கள். அது எஞ்சினைக் காப்பதற்காக வைத்தது. லிமிட்டரில் முட்டி முட்டி எஞ்சின் வெட்டி ஓடுவதே பற்களின் இரு பக்கமும் மாறி மாறித் தட்டுகிற வேலை.

கியரை மெதுவாகப் போடுவது

பதமாகப் போட்டால் கியருக்கு நல்லது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இங்கே அது தலைகீழ். மெர்க்ரூசர் நிறுவனத்தின் ஆல்ஃபா டிரைவில் கீழ் கியர்கேஸில் இருப்பது டாக் கிளட்ச் (முனைகள் ஒன்றில் ஒன்று கோத்துப் பிடிக்கும் வகை). லீவரைத் தயங்கித் தயங்கி நகர்த்தினால் அதன் முனைகள் மேலோட்டமாக உரசி மழுங்கும். அதே நிறுவனத்தின் பிராவோவில் மேல் பகுதியில் இருப்பது கோன் கிளட்ச் (கூம்பு உரசிப் பிடிக்கும் வகை). அரைகுறையாகப் பிடித்தால் வழுக்கிச் சூடாகும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது லீவரை ஒரே உறுதியான அசைவில் போட வேண்டும்.

பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சின்களில் ஐடிலே உயர்ந்து போய், ஒவ்வொரு ஷிஃப்டிலும் "டங்" என்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போகாதீர்கள். எஞ்சின் ட்யூன் செய்பவரிடம் ஐடிலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கச் சொல்லுங்கள்.

டிரைவை மேலே டிரிம் செய்தபடியே (அதன் கோணத்தை உயர்த்தி வைத்தபடியே) முழு வேகத்தில் இறுக்கமாகத் திருப்புவதும் கியரைக் கெடுக்கும் பழக்கம்தான். யூ-ஜாயின்ட்டின் கோணம் கூடக்கூட சுழற்சி சீராக இல்லாமல் ஏறி இறங்கும். திருப்பத்துக்கு முன் டிரிம்மையும் த்ராட்டிலையும் கொஞ்சம் இறக்கிவிடுவது நல்லது.

எண்ணெயை மாற்றுவதோடு விட்டுவிடுவது

மாற்றுகிறார்கள், ஆனால் வடித்ததைப் பார்ப்பதில்லை. படகை ஓர் இரவு அசையாமல் நிறுத்திவிட்டு, மறுநாள் கீழ் ஸ்க்ரூவை இலேசாகத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் கனம் கூடியது என்பதால் எண்ணெய்க்கு முன்னால் அதுதான் சொட்டும். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலந்தாயிற்று. கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. வடிகால் ஸ்க்ரூவில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோலக் குழைந்தால் வழக்கமான தேய்மானம். நெருடினாலோ, செதிலாக ஏதாவது தட்டுப்பட்டாலோ டிரைவைத் திறக்காமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

தண்ணீர் புகும் வழிகளில் சுலபமாகக் கண்ணுக்குத் தப்பிப்போவது தூண்டில் நரம்பு. ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு தண்டின் சீலை அறுத்துவிடும். ப்ரொப்பெல்லரைக் கழற்றும்போதெல்லாம் அங்கே விரலைவிட்டுப் பாருங்கள். ஸ்க்ரூக்களின் பழைய வாஷரை மறுபடி போடுவதும் கூடாது. சந்தேகம் இருந்தால் எண்ணெயை வடித்துவிட்டு, காற்றழுத்தம் கொடுத்தும் வெற்றிடம் இழுத்தும் இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். ஒன்றில் பிடித்து நிற்கும் சீல் இன்னொன்றில் கசியலாம்.

எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக அழுத்தி ஏற்றி, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும் வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே தங்கும். கார் டிஃபரென்ஷியல் எண்ணெய் வேண்டாம், தண்ணீரைச் சமாளிக்கும் மரைன் எண்ணெய்தான் வேண்டும். வழுக்கல் கூட்டும் அடிட்டிவ்களையும் தவிர்க்கலாம், கோன் கிளட்சின் பிடிப்பே உரசலில்தான் இருக்கிறது.

வேகத்தில் போகும்போது மேல் கியர் பகுதி தண்ணீருக்கு வெளியேதான் இருக்கும். நீண்ட ஓட்டத்தில் அது சூடேறும், எண்ணெய் நீர்த்துப்போகும், பற்களுக்கு இடையிலான படலம் கிழியும். அதன் மேல் தண்ணீர் தெளிக்கும் டிரைவ் ஷவர், என் கருத்தில், பளபளப்பான கியர் செட்டுக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள்.

புது கியரை நம்பிப் பழைய செட்டிங்கில் பூட்டுவது

பெவல் கியரும் பினியனும் (ஜோடியில் சிறிய பல்சக்கரம்) ஜோடியாக இழைத்து வருபவை. ஒன்று கெட்டதென்று ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதைத் தின்றுவிடும். ஜோடியாகவே போட்டாலும் பழைய ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) அப்படியே வைத்து மூடக் கூடாது. பேரிங் ப்ரீலோட் (பேரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு), பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான தளர்வு) இரண்டையும் அளந்து, பல்லில் நீலச் சாயம் பூசிச் சுழற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். சுமையில்லாமல் சுற்றும்போது விழும் தடம் வேறு, முழு டார்க்கில் விழுவது வேறு. சுமை ஏறினால் தடம் பல்லின் வெளிமுனைப் பக்கம் நகரும். ஆகவே கையால் சுற்றும்போதே வெளிமுனையில் தடம் விழுந்தால், ஓட்டத்தில் அது ஓரத்துக்கே போய்விடும்.

உடைந்த பல்லும் கதை சொல்லும். பல்லின் நடுப்பகுதியில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் இருந்தால் நாள்பட்ட சோர்வு. உரசல் திசையில் கீறல் கீறலாக இருந்தால் எண்ணெய்ப் படலம் கைவிட்டது. மற்ற பற்கள் நன்றாக இருக்க ஒன்றிரண்டு மட்டும் சுத்தமாக முறிந்திருந்தால் அடி. அடியால் முறிந்ததற்கு எண்ணெயை மாற்றிப் பயனில்லை.

எஞ்சினும் டிரைவும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்ற அலைன்மென்டையும் அப்போதே பாருங்கள். அலைன்மென்ட் பாரின் (அதற்கான சோதனைக் கம்பி) முனையில் கிரீஸ் தடவி, டிரைவின் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் வழியாகக் கப்ளருக்குள் செருகி இழுத்தால், கப்ளரின் உள்வரிகளான ஸ்ப்ளைன் தடம் சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுந்தியிருந்தால் முன் மவுண்ட்டைச் சரிசெய்துவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள்.

புது செட்டை ஆரம்ப மணிநேரங்களில் முழு வேகத்தில் நீட்டி ஓட்ட வேண்டாம். சூடாக்கி, ஆறவிட்டு, முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். ப்ரொப்பெல்லரைப் பொறுத்தவரை, வளைந்த இதழோடு ஓடக் கூடாது. திட ஹப்பைவிட அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஹப் கியருக்கு நல்லது.

தாங்காத டிரைவில் தடித்த கியரைத் திணிப்பது

மேற்பரப்பை மிக நுண்ணியதாக்கிய பற்கள் உரசலையும் சூட்டையும் குறைக்கும், ஷாட் பீனிங் (சின்ன உலோகக் குண்டுகளால் மேற்பரப்பை அடிப்பது) சோர்வைத் தள்ளிப்போடும். இரண்டுக்கும் காசு கொடுக்கலாம். கிரைண்டரை வைத்துத் தானே பாலிஷ் போடுவது மட்டும் வேண்டாம். கெட்டிப்படுத்திய மேல்தோல் மெல்லியது, அது போனால் பல் போனது மாதிரிதான். ஆனால் எந்தக் கியரானாலும் உறை நெளிந்தால் விலகத்தான் செய்யும். அதனால் கியருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை வலுவான மேல் மூடிக்கும் பெரிய பேரிங்குக்கும் வைக்க வேண்டும்.

சிறிய டிரைவான ஆல்ஃபா ஒன்னில் 500 குதிரைத்திறனை மாட்டிவிட்டு இவற்றையெல்லாம் செய்வதில் அர்த்தமில்லை, பெரிய டிரைவுக்குப் போய்விடுங்கள். அதற்கு இப்போது வழியில்லை, சூப்பர்சார்ஜர் போட்ட எஞ்சினைக் கைவிடவும் மனமில்லை என்றால், எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியுவின் ட்யூனில் கீழ் ஆர்பிஎம் டார்க்கை வெட்டச் சொல்லலாம். உச்ச வேகம் அப்படியே இருக்கும். புறப்படும்போது கிடைக்கும் முதுகுத் தள்ளல்தான் கொஞ்சம் குறையும்.