டிரையர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன்

சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் துணி காயப்போட வெளியே நீட்டிய மூங்கில் கழிகள் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் துணி உலர்த்தும் டிரையர் ஓயாமல் ஓடும் காலம் அது. "இரண்டு மணி நேரம் ஓடியும் ஈரம் போகவில்லை" என்ற புலம்பலும் அப்போதுதான் காதில் விழும். பெரும்பாலும் இயந்திரத்தின் சூட்டில் குறை இருக்காது. ஓட வேண்டிய காற்று ஓடாமலோ, வெளியேற வேண்டிய நீர் வெளியேறாமலோ இருக்கும். அதைத் தேடாமல் நேரத்தையும் வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே போவதுதான் முதல் தவறு.

பஞ்சு சேரும் வலையை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்வதாகப் பலர் அடித்துச் சொல்வார்கள். கையால் வழித்தெடுத்தால் மட்டும் போதாது. துணியை மென்மையாக்கும் திரவமும் வாசனைத் தாளும் வலைக்கண்களில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும், பார்வைக்குத் தெரியாது. வலையைக் கழற்றிக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வடியாமல் தேங்கினால் காற்றும் அங்கே முட்டிக்கொண்டுதான் நிற்கிறது. சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் போதும். காய்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும்.

அதே படலம் இன்னொரு வேலையும் செய்யும். தானாக நிற்கும் டிரையர்களில் பலவற்றில், உள்ளே கதவுக்கு அருகில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். நனைந்த துணி அவற்றில் படும்போது மின்சாரம் கடப்பதை வைத்து ஈரத்தை அறிகின்றன. பட்டையில் பிசுக்கு ஏறினால் துணி நனைந்திருக்கும்போதே இயந்திரம் பாட்டுப் பாடி வேலையை முடித்துக்கொள்ளும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகிவிடும். இரண்டே சட்டைகளைப் போட்டு ஓட்டினாலும் இதே ஏமாற்றம்தான், அவை பட்டையில் சரியாகப் படுவதில்லை. 10 கிலோ சலவை இயந்திரத்திலிருந்து எடுத்ததை அப்படியே 7 கிலோ டிரையரில் திணிப்பது இதற்கு நேர் எதிரான தவறு. போர்வை உறைக்குள் சிறிய துணிகள் புகுந்து பந்தாகச் சுருண்டால் நடுவில் இருப்பவை காயவே காயா.

வீட்டில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் குறை சொல்பவர்களும் உண்டு. குழாய்வழி ஈரக்காற்றை வெளியே தள்ளும் வகையை ஜன்னல் சாத்திய பின்கட்டில் ஓட்டினால், தான் விட்ட நீராவியையே அது திரும்ப இழுக்கும். ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. காற்று தானாக உலரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஈரத்தை நீராக மாற்றும் வகையில் தொட்டி நிறைந்தால் இயந்திரம் நின்றுவிடும். வடிகுழாய் மடங்கியிருந்தாலும் அதே கதை. அலமாரிக்குள் அடைத்து வைத்தால் சுற்றியுள்ள காற்று சூடேறி வேலை மந்தமாகும். மின்சிக்கனத்தைக் காட்டும் சக்தி முத்திரையில் டிக் குறிகளை எண்ணி, வெப்பத்தை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்தும் வெப்ப விசையியக்க (heat pump) வகையை வாங்கியவர்கள், அது மெதுவாக ஓடுவதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் ஓடுவதுதான் அதன் இயல்பு.

சலவை இயந்திரத்தில் துணியைச் சரியாகப் பிழியாமல் டிரையரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. பிழியும் வேகம் நிமிடத்திற்கு 600 சுற்றா 1,200 சுற்றா என்பதில் நேரமும் மின்கட்டணமும் அடங்கியிருக்கின்றன.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும், அதிகம் பேசப்படாத தவறு எண்ணெய்த் துணி. எண்ணெய்க் குளியலில் தலை துவட்டிய துண்டு, பலகாரம் சுட்ட நாளின் கைப்பிடித் துணி இவையெல்லாம் துவைத்தும் எண்ணெய் முழுதாகப் போயிருக்காது. நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் சூடான துணியில் காற்றுடன் வினைபுரிந்து மேலும் வெப்பம் உண்டாக்கும். துணிகள் குவியலாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி, ஓட்டம் முடிந்து வெகுநேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். இவற்றைக் கழியில்தான் போட வேண்டும். ஓட்டத்தின் கடைசியில் சூடின்றிச் சுழலும் நிமிடங்களும் வீண் அல்ல. பாதியில் நிறுத்திச் சூடான துணியை உள்ளேயே விட்டுச் செல்லாதீர்கள். உள்ளே புகை தெரிந்தால் கதவைத் திறக்க வேண்டாம், காற்று புகுந்தால் தீ வளரும். ஆபத்தில்லாமல் முடிந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வீட்டைவிட்டு வெளியேறித் தீயணைப்பு அவசர எண் 995ஐ அழையுங்கள்.

பழைய வகை டிரையர் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் தாங்கும் எல்லை ஏறக்குறைய 3,000 வாட். ஒரே நீட்டிப்புக் கம்பியில் சலவை இயந்திரத்தையும் இதையும் மாட்டுவது சரியல்ல, சுவரில் உள்ள தனிச் சாக்கெட்டுதான் வேண்டும்.

மோட்டார் முனகியும் உருளை சுழலவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால் பெல்ட் அறுந்திருக்கலாம். அதை மாற்றுவதும், கருகல் வாடை, அடிக்கடி விழும் பிரேக்கர் போன்றவற்றைப் பார்ப்பதும் தொழில்நுட்பர் வேலை. அவர் வெப்ப ஃபியூஸ் போய்விட்டது என்று சொல்லிப் புதியதைப் போட்டால், அது ஏன் போனது என்று கேளுங்கள். காற்றுப்பாதையில் அடைப்பிருந்து சூடு மிஞ்சியதால் போயிருந்தால், புதியதும் சில வாரங்களில் போய்விடும்.