கோடையில் கடிக்கும் ஈக்களிடமிருந்து குதிரையைக் காத்தல்

லாய ஈக்கள், லத்தியும் சிறுநீரும் ஊறிய வைக்கோலில் முட்டையிட்டு, வெப்பக் காலத்தில் ஏறத்தாழ 3 வாரங்களிலேயே பெருகிவிடுவதால், மருந்து தெளிப்பதைவிட அந்த ஈரப் படுக்கையை நாள்தோறும் அகற்றுவதே முதல் வேலை. பெரிய குதிரை ஈக்கள் வெயிலில் திரிபவை. நிழலான கட்டடத்துக்குள் அரிதாகவே நுழையும் என்பதால், நண்பகலில் குதிரையை லாயத்தில் நிறுத்துவது நல்லது. ஆனால் அந்தியிலும் விடியலிலும் கியூலிகாய்ட்ஸ் என்னும் நுண்பூச்சிகள் கடிக்கின்றன. அவற்றால் ஒவ்வாமை கண்ட குதிரை, பிடரி மயிர் உதிரும்வரை உராய்ந்து படும் வேதனை பார்க்கப் பொறுக்காது. அத்தகைய குதிரையை அவ்வேளைகளில் உள்ளே வைத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். காற்றை எதிர்த்து அவற்றால் பறக்க இயலாது. மேய்ச்சலுக்கு விடும்போது வலை முகமூடியும் மெல்லிய போர்வையும் அணிவிக்கலாம். வரிக்குதிரைக் கோடுகள் கொண்ட போர்வையில் ஈக்கள் குறைவாகவே அமர்வதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளிப்பவர்கள், அது பூனைகளுக்குக் கொடிய நஞ்சு என்பதை மறக்கக் கூடாது.