நெடுந்தூர சைக்கிள் பயணம்: கிளம்பும் முன் செய்கிற தவறுகள்

போன மாதம் ஒரு விடியற்காலை, காரைக்குடி பெரியார் சிலைப் பக்கம் டீக்கடையில் மூன்று பையன்களைப் பார்த்தேன். கன்னியாகுமரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றும் புது கியர் சைக்கிள். பின் கேரியரில் ஆளுக்கு இரண்டு பை, அதன் மேல் குறுக்காகக் கூடாரம், அதற்கும் மேல் ஒரு போர்வைச் சுருள். எல்லாவற்றையும் சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள்.

"தம்பி, இந்தச் சுமையோட எவ்வளவு தூரம் ஓட்டிப் பார்த்தீங்க?"

"இப்பத்தாண்ணே கட்டுறோம். சும்மா வண்டியில தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கோம்."

11 வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில். தெருவில் நின்றபடி அவர்களிடம் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். பம்பு, மாற்று டியூப், ஹெல்மெட், தண்ணீர் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; அதை விட்டுவிடுகிறேன்.

## சுமையைக் கட்டிய அன்றே கிளம்புவது

இத்தனை வருடம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்துவிடக்கூடிய தவறு.

என் முதல் நீண்ட பயணமும் கன்னியாகுமரிக்குத்தான். தேவகோட்டை வழியாக ராமநாதபுரம், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று திட்டம். நான்கு நாள் லீவு. முதல் நாள் ராமநாதபுரம் வரை ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் சாயல்குடி தாண்டியதும் பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். கல் பட்டிருக்கும் என்று நினைத்து ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் இன்னொரு 'டிங்'. மூன்றாவது சத்தத்தோடு பின்சக்கரம் கோணி, பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்துவிட்டது.

பைகளைக் கழற்றிவிட்டு, ஒரு பனைமரத்தடியில் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று சக்கரக் கம்பிகள் (ஸ்போக்) அறுந்திருந்தன. மூன்றும் வலதுபக்கம், செயின் ஓடுகிற பக்கம். மூன்றும் ஒரே இடத்தில், சக்கரத்தின் நடுக்குடத்தில் (ஹப்) நுழையும் வளைவில் அறுந்திருந்தன.

அடுத்த ஊரில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் பெரியவர், தொழில் தெரிந்தவர். "கம்பி என்கிட்ட இருக்கு தம்பி. ஆனா செயின் ஓடுற இந்தப் பல்சக்கரத்தைக் கழட்டினாத்தான் உள்ள நுழைக்க முடியும். இதுக்கு வேற சாவி வேணும்" என்றார். அவரிடம் இருந்த கம்பிகளும் பெரிய சக்கரத்துக்கு உரியவை, என் சக்கரத்துக்கு நீளம் அதிகம். பக்கத்துக் கம்பிகளைத் திருகி, சக்கரம் உரசாமல் சுற்றுகிற அளவுக்குச் செய்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அங்கிருந்து ஒரு குட்டியானையில் வண்டியை ஏற்றித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தேன். அங்கே சாவியும் கம்பியும் கிடைத்து வேலை முடிவதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. சில ரூபாய் பெறாத கம்பியால் திருச்செந்தூர்கூடப் பார்க்காமல் பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

ஏன் அறுந்தது என்று பிறகுதான் புரிந்தது. ஓட்டுபவரின் எடையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பின்சக்கரத்தில்தான் விழுகிறது. கேரியரில் கட்டுகிற எல்லாமும் அதே சக்கரத்தின் மேல்தான். சக்கரம் சுற்றும்போது தரைப்பக்கம் வருகிற கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். ஏற்கெனவே தளர்வாக இருக்கிற கம்பியில் இந்த அசைவு அதிகம். ஒரு கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் எப்படி முறியுமோ, அப்படித்தான் வளைவில் முறிகிறது. சும்மா வண்டியில் தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டினால் இது வெளியே தெரியாது.

சக்கரம் கோணாமல் சுற்றுவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கோட்டம் இல்லாத சக்கரத்திலும் ஒரு கம்பி முறுக்காகவும் அடுத்தது தொளதொளவென்றும் இருக்கலாம். கம்பிகளை இரண்டிரண்டாக விரலுக்கிடையில் அமுக்கிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிர்க்க வேண்டும். கோட்டம் எடுப்பவரிடம் "சுமை ஏற்றப் போகிறேன், முறுக்கம் சமமாக இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது, பயணத்துக்கு எடுத்துப்போகிற அத்தனையையும், தண்ணீர் உட்பட, கட்டி ஒரு சுற்றுப் போய்வாருங்கள். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வழியாகத் திருமயம் கோட்டை வரை போய்வந்தால் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கானாடுகாத்தானில் மெயின் ரோட்டை விட்டிறங்கித் தெருக்களுக்குள்ளும் ஓட்டுங்கள், பை குலுங்கட்டும். பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா, இறக்கத்தில் ஹேண்டில் ஆடுகிறதா, கேரியர் திருகுகள் தளர்கின்றனவா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். புதிதாக மாட்டிய கேரியரில் முதல் இருபது கிலோமீட்டருக்குள் ஒரு திருகாவது தளர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில் பரப்பி, தொங்கு தராசில் ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்ப்பேன். இப்போது என் மொத்தச் சுமை 12 கிலோ. கனமானவை பையின் அடியில். ஒரு பகுதி முன்சக்கரப் பக்கம். இடமும் வலமும் சமம்.

மாற்றுக் கம்பி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் வலப்பக்கக் கம்பி பெரும்பாலும் இடப்பக்கத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் குட்டை, அதனால் இரண்டு அளவும் வேண்டும். ஃபிரேமோடு சேர்த்து டேப் ஒட்டிவிட்டால் இருப்பதே தெரியாது. உங்கள் பல்சக்கரத்துக்குப் பொருந்தும் கழற்றுசாவியையும் கூடவே வையுங்கள். அன்றைக்கு அது என் பையில் இருந்திருந்தால் அந்தப் பெரியவரே வேலையை முடித்திருப்பார்.

## முள்ளை எடுக்காமல் டியூபை மாற்றுவது

நம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சாலையோரம் முழுக்கச் சீமைக் கருவேலம். அதன் காய்ந்த முள் டயருக்குள் இறங்கி, வெளியே தெரியாதபடி மட்டமாக ஒடிந்துவிடும். அவசரத்தில் புது டியூபைப் போட்டுக் காற்றடித்துக் கிளம்பினால் சில நிமிடங்களில் அதே இடத்தில் அதே முள் மறுபடி குத்தும்.

டயரின் உட்புறத்தை ஒரு பருத்தித் துணியால் சுற்றித் துடையுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கும். டயர் மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி வைத்தால் இன்னும் சுலபம். டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்து டயரில் எங்கே தேடுவது என்று கண்டுபிடித்துவிடலாம். முள்ளை எடுக்க என் அப்பத்தா வைத்திருந்த இரும்பு முள்வாங்கியைத்தான் இன்றைக்கும் கொண்டுபோகிறேன். அதற்கு ஈடான கருவி எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

நிழல் என்று நினைத்துக் கருவேல மரத்தடிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

## புது சீட், புது ஷூ

பயணத்தன்று வேண்டாம்.

## முதுகில் பை

மாட்டாதீர்கள்.

## காற்றைக் கணக்கில் எடுக்காமல் தேதி குறிப்பது

மேட்டைவிட எதிர்காற்று கொடியது. மேட்டுக்கு ஒரு முடிவு உண்டு, பின்னால் இறக்கமும் உண்டு. ஆனி, ஆடியில் தூத்துக்குடிக்குத் தெற்கே மேற்கிலிருந்து வீசுகிற காற்றில் நாள் முழுக்க மிதித்தாலும் வழக்கத்தில் பாதி தூரம்தான் போக முடிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசியில் வெயில் குறைவு, வடகிழக்கிலிருந்து வருகிற காற்றும் தெற்கே போகிறவரை முதுகுப் பக்கமிருந்து தள்ளும். லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது என்று இருந்தால், தேதியை மாற்ற முடியாவிட்டாலும் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

## வீட்டில் கொடுக்கும் தூக்கை அப்படியே வாங்கிக்கொள்வது

அம்மாவின் மனது நோகக்கூடாது, சரி. ஆனால் முறுக்கு, அதிரசம், மாவுருண்டை என்று ஒரு தூக்கு நிறைந்தால் இரண்டு கிலோ. சீப்புச் சீடை ஒரு டப்பா கேட்டு வாங்குங்கள். வியர்வையில் போன உப்புக்கு அது நல்லது. மீதியைத் திரும்பி வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

## மெல்லிய வால்வு டியூப்

இந்த மெல்லிய வால்வுக்குப் பிரஸ்டா என்று பெயர்; வழியில் உள்ள பஞ்சர் கடைப் பம்பு இதற்குப் பொருந்தாது. அதற்கென்று சின்னப் பித்தளை அடாப்டர் உண்டு. இரண்டு வாங்கி, ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.