சீனச் சம்பந்தி வருகிறார்களா? எங்கள் வீட்டில் நடந்த தவறுகள் உங்கள் வீட்டில் வேண்டாம்

எங்கள் அக்கா மகளுக்கும் சிங்கப்பூர்ச் சீனப் பையனுக்கும் போன வைகாசியில் சேலம் அஸ்தம்பட்டி மண்டபத்தில் கல்யாணம். பாசத்தில் குறையே வைக்கவில்லை. அவர்கள் வழக்கத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாததுதான் எங்கள் தப்பு.

முந்தின நாள் மாலை பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிட்டு, சின்னத் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திப் பெரியப்பாவிடம் நீட்டினார்கள். "எனக்குச் சர்க்கரைங்க, டீ காபி தொடறதில்ல" என்று அவர் கையை மறித்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா முகம் அப்படியே வாடிவிட்டது. அது உபசாரத் தேநீர் இல்லை. நாம் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குகிறோமே, அதற்குச் சமமான சடங்கு. வாங்கி ஒரு வாய் குடித்தால் 'நீங்கள் இருவரும் எங்கள் பிள்ளைகள்' என்று பொருள். குடித்துவிட்டுச் சிவப்பு உறையில் பணமோ, நகையோ கொடுத்து வாழ்த்துவார்கள். விவரம் தெரிந்ததும் பெரியப்பா தானே அவர்களைக் கூப்பிட்டு வாங்கிக் குடித்தார். அந்தத் தேநீரை மட்டும் யாரும் மறுக்காதீர்கள். உதட்டில் படவைத்தாலே போதும்.

மொய்யிலும் கவனம் வேண்டும். நாம் 501 வைப்போம்; அவர்களுக்கு மங்கலம் இரட்டைப்படை. அதிலும் 4 ஆகாது, அதன் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்தது. வெள்ளை உறை துக்க வீட்டுக்குரியது. சுவர்க்கடிகாரம் பரிசளிக்கவே வேண்டாம்: சீன மொழியில் 'கடிகாரம் கொடுப்பது' என்றால் இறுதிக் கடன் செய்வது போல ஒலிக்கும். கூந்தலில் வெள்ளைப்பூ வைப்பதும் அங்கே பழைய துக்க வழக்கம். மல்லிகைச் சரத்தை நீட்டும் முன் நமக்கு அது மங்கலம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சம்பந்திக்குச் சேலம் வெண்பட்டு வேட்டி எடுத்தால் சிவப்புத் தாளில் சுற்றிக் கொடுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்கு எந்தத் தடையும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தாலி கட்டியதோடு சட்டப்படியும் முடிந்தது என்று இருந்துவிடுவது. மணமக்களில் ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் அந்தத் திருமணம் செல்லாது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிந்துகொள்ளலாம். அதற்கு அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அறிவிப்புக்கு முன் 30 நாள் அதே மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

இலைச் சாப்பாடு முடிந்த கையோடு விருந்தாளிகளை ஏற்காட்டுக்கு ஏற்றாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு தாங்காது.

மாப்பிள்ளையின் அம்மாவைப் பற்றி அக்காவுக்கு ஒரு மனக்குறை இருந்தது: "அந்தம்மா பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பாசமாப் பேசலியே". பேச்சை வைத்துப் பாசத்தை அளந்ததும் தப்புதான். மறுநாள் காலை அந்த அம்மா அடுக்களையில் நின்று சேலத்து மல்கோவாவைத் தோல் சீவி, துண்டு துண்டாக நறுக்கி, தட்டைப் பேசாமல் மருமகள் முன் நகர்த்தினார். பிறகு ஒரே ஒரு கேள்வி. பெண் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "சாப்பிட்டியான்னு கேக்கறாங்கம்மா."