சக்கர ஆக்ஸிலை லேத்தில் ஆட்டமின்றிப் பிடித்துக் கடைவது எப்படி?

மர அறுவை மில்லில் கட்டையைச் சுமந்துகொண்டு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் டிராலியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் இரும்புச் சக்கரங்கள் ஆக்ஸிலின் இரு முனைகளிலும் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். ஆக்ஸிலும் சக்கரமும் சேர்ந்தே பேரிங்கில் சுழலும். நான் லேத்தில் (பொருளைச் சுழலவைத்து டூலால் சீவும் கடைசல் இயந்திரம்) வேலை கற்றுக்கொண்ட காலத்தில் இத்தகைய ஆக்ஸில் ஒன்றை மூன்று தாடைச் சக்கில் (பொருளைப் பற்றிச் சுழற்றும் பிடி) பிடித்து ஒரு முனையைக் கடைந்துவிட்டு, திருப்பிப் பிடித்து மறுமுனையையும் கடைந்து கொடுத்தேன். மைக்ரோமீட்டரில் எல்லா அளவுகளும் சரியாகவே இருந்தன. பத்து நாள் கழித்து மில்காரர் ஒரு பலகையைக் கொண்டுவந்து காட்டினார். அதன் முகத்தில் அலை அலையாக மேடும் பள்ளமும் இருந்தன. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு நாடா வைத்து அளந்தபோது, அந்தத் தூரம் டிராலிச் சக்கரத்தின் சுற்றளவோடு பொருந்தியது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை ஏறி இறங்கியிருக்கிறது.

அந்த ஆக்ஸிலில் விட்டங்கள் சரியாக இருந்தன. ஆனால் அவை ஒரே மையக்கோட்டில் இல்லை. ஆக்ஸில் வேலையின் கடினம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இந்த விளக்கத்தில், விட்டத்தைக் கடைவதைவிட ஆக்ஸிலைப் பிடிப்பதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் வேலை இது: ஈ.என்.8 என்ற எஃகு வகையில் 50 மி.மீ. விட்டமுள்ள கறுப்பு ராடு (மேல்தோல் நீக்கப்படாத உருண்டைக் கம்பி). முடிந்த நீளம் 700 மி.மீ.; நடுப்பகுதி 48 மி.மீ.; அதன் இருபுறமும் 6208 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காரும் 40 மி.மீ. பகுதிகள், முனைகளில் சக்கரம் ஏறும் 35 மி.மீ. பகுதிகள். ராடு ஏறத்தாழ 11 கிலோ எடை இருக்கும். ஒரு கையால் தூக்கிச் சக்கில் வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில்: எதில் பிடிப்பது?

மூன்று தாடைச் சக்கில் ஒரு சாவியைத் திருப்பினால் மூன்று தாடைகளும் சேர்ந்து நகரும். வேலை விரைவாக நடக்கும். ஆனால் நல்ல நிலையில் உள்ள சக்கிலும் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் இருப்பது இயல்பு. தேய்ந்த சக்கில் அதற்கு மேலும் இருக்கும். ஒரே பிடியில் தொடங்கி அதே பிடியில் முடியும் வேலைக்கு இந்த ஆட்டத்தால் தீங்கில்லை. திருப்பிப் பிடித்த கணத்திலேயே இரண்டாவது மையக்கோடு ஒன்று பிறந்துவிடுகிறது. நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகர்வதால், டயல் (ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து 0.01 மி.மீ. அளவுக்குள் கொண்டுவரலாம், அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். இரண்டு சென்டர்களுக்கு (ஆக்ஸில் முனைகளில் உள்ள துளைகளில் பொருந்தும் கூம்புகள்) இடையே பிடிக்கும் முறையில், ஆக்ஸிலை எத்தனை முறை எடுத்தாலும், எத்தனை முறை திருப்பினாலும், அது அதே மையக்கோட்டுக்கே திரும்பி வந்து உட்காரும். புதிய ஆக்ஸிலுக்கு நான் எப்போதும் இதையே தேர்ந்தெடுக்கிறேன். ரயில் பெட்டிகளின் ஆக்ஸில் முனைகளிலும் சென்டர் துளைகளைக் காணலாம். தேய்ந்த சக்கரத்தை மீண்டும் கடையும்போது அந்தத் துளைகள் பயன்படுகின்றன.

சென்டர் துளை போடுதல்

எல்லாத் துல்லியமும் இந்த இரண்டு துளைகளிலிருந்தே வருவதால், இங்கே அவசரப்பட வேண்டாம்.

ராடு உங்கள் லேத்தின் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) துளைக்குள் நுழைந்தால், முனை மட்டும் வெளியே தெரியும்படி சக்கில் பிடித்துத் துளை போட்டுவிடலாம். 50 மி.மீ. ராடு பல சிறிய லேத்துகளில் நுழையாது. அப்போது ஸ்டெடி (ராடை மூன்று விரல்களால் தாங்கும் சட்டம்) தேவைப்படும். கறுப்பு ராடின் மேற்பரப்பு உருண்டையாக இருக்காது என்பதால், ஸ்டெடியை நேரடியாக அதன்மேல் வைக்கக் கூடாது. இடது முனையைச் சக்கில் பிடியுங்கள். வலது முனையில் மையத்தைக் குறித்து, பஞ்ச் அடித்து, தற்காலிகமாக ஒரு சிறு துளை போட்டு, டெயில் ஸ்டாக்கின் (லேத்தின் வலப்பக்கத் தாங்கி) ரிவால்விங் சென்டரால் (ராடோடு சேர்ந்து சுழலும் சென்டர்) தாங்கிக்கொள்ளுங்கள். வலது முனைக்கு அருகே 30 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையை, மேல்தோல் முழுவதும் போகும்வரை மட்டும், மெலிதாகக் கடையுங்கள். சக்கைத் தளர்த்தாமல், அந்தப் பட்டையின்மேல் ஸ்டெடியின் மூன்று விரல்களையும் மெதுவாகத் தொடும்படி வைத்து எண்ணெய் விட்டு, அதன் பிறகே டெயில் ஸ்டாக்கைப் பின்னால் நகர்த்துங்கள். விரல்களில் ஒன்று ராடை அழுத்தித் தள்ளினால் துளை சாய்ந்துவிடும். அதைவிட ஆபத்து, ராடு சுழலச் சுழலச் சக்கின் பிடியிலிருந்து மெல்ல வெளியே நகரத் தொடங்கும்.

இனி முனையைப் பேசிங் செய்யுங்கள், அதாவது முகத்தைத் தட்டையாகச் சீவுங்கள். டூலின் முனை மையத்தின் உயரத்தில் சரியாக இல்லாவிட்டால், நடுவில் பயறு அளவுக்கு ஒரு சிறு முளை மிஞ்சும். புதியவர்கள் அதைக் கவனிக்காமல் சென்டர் டிரில்லை அதன்மேல் கொண்டுபோய் வைத்து நுனியை உடைத்துக்கொள்கிறார்கள். முளை இருந்தால் டூல் உயரத்தைச் சரிசெய்து முகத்தை மீண்டும் எடுங்கள். இந்த விட்டத்துக்கு, 5 மி.மீ. நுனியும் 12.5 மி.மீ. உடலும் கொண்ட சென்டர் டிரில் பொருத்தமானது. கூலன்ட் அல்லது எண்ணெய் விட்டு, அடிக்கடி வெளியே இழுத்து இரும்புத்தூளை நீக்கி, கூம்பின் வாய் ஏறத்தாழ 10 மி.மீ. ஆகும்வரை இறக்குங்கள். கூம்பின் கோணம் 60 டிகிரி. சென்டரின் கோணமும் அதுவே. கூம்புக்கு அடியில் உள்ள சிறு நேர்த்துளை, சென்டரின் கூர்முனை எதிலும் மோதாமல் இருப்பதற்கும் கிரீஸ் தங்குவதற்கும் ஆனது.

திருப்பிப் பிடித்து மறுமுனையிலும் இதையே செய்து, மொத்த நீளத்தை 700 மி.மீ. ஆக்கிவிடுங்கள். துளைகள் ராடின் நட்டநடுவில் இருக்கின்றனவா என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும், கடைந்தெடுக்கும் அளவுக்கு இரும்பு இருந்தால் போதும். துளைகளின் கூம்பு வழவழப்பாகவும் உருண்டையாகவும் இருப்பதே முக்கியம். வாயில் பிசிறோ, உள்ளே ஒட்டிய தூளோ இருந்தால் ஆக்ஸில் ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் உட்காரும்.

சென்டர்களுக்கு இடையே ஏற்றுதல்

ஹெட் ஸ்டாக் பக்கத்துக்கு, அதாவது சக் இருக்கும் இடப்பக்கத்துக்கு, நான் செய்யும் முறை எளியது. மூன்று தாடைச் சக்கில் ஒரு துண்டு ராடைப் பிடித்து, காம்பவுண்டு ஸ்லைடை (டூலைச் சாய்வாக நகர்த்தும் பகுதி) 30 டிகிரிக்குத் திருப்பி, 60 டிகிரி கூம்பாக ஒரு சென்டரை அங்கேயே கடைந்துகொள்கிறேன். சக்கில் எவ்வளவு ஆட்டம் இருந்தாலும், அங்கேயே கடைந்த கூம்பு ஸ்பிண்டிலின் மையக்கோட்டில்தான் இருக்கும். சக்கிலிருந்து ஒருமுறை கழற்றிவிட்டால் அந்த உத்தரவாதம் போய்விடும். அடுத்த வேலைக்கு அதை மெலிதாக ஒருமுறை மீண்டும் கடைய வேண்டும். ஆக்ஸிலின் இடது முனையில் லேத் டாக்கை (ஆக்ஸிலைக் கவ்விச் சுழற்றும் பிடி) மாட்டி, அதன் வால் சக்கின் தாடையில் சாய்ந்து சுழலும்படி விடுங்கள். டாக்கின் திருகு முடிந்த பரப்பைக் கடிக்காமல் இருக்க, அடியில் செம்புத் தகடு ஒன்றை வையுங்கள். சுழலும்போது டாக் கண்ணுக்குத் தெரியாது. முழுக்கைச் சட்டை, துண்டு, வளையல், கையுறை எதுவும் அதன் அருகே செல்லக் கூடாது.

டெயில் ஸ்டாக் பக்கத்தில், ரஃப் (முதல்கட்ட) கடைசலுக்கு ரிவால்விங் சென்டர் போதும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் பேரிங்கின் ஆட்டம் அப்படியே உங்கள் ஆக்ஸிலில் பதியும் என்பதால், பினிஷ் (இறுதிக்கட்ட) கடைசலுக்குமுன் டயல் வைத்துப் பாருங்கள். நம்பிக்கை இல்லையென்றால் கார்பைடு முனையுள்ள டெட் சென்டரை (தான் சுழலாத சென்டர்) கிரீஸ் தடவிப் பயன்படுத்துங்கள். இறுக்கத்தின் அளவு கையில் பழக வேண்டிய ஒன்று: டாக்கைக் கையால் ஆட்டினால் ஆக்ஸில் தடையின்றித் திரும்ப வேண்டும், முன்பின்னாகத் தள்ளினால் அசையக் கூடாது.

இங்கே சூட்டை மறக்க வேண்டாம். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு, ஏறத்தாழ 12 மைக்ரான் நீள்கிறது. ரஃப் கடைசலில் ஆக்ஸில் 30 டிகிரி சூடேறினால் 700 மி.மீ. நீளத்தில் கால் மில்லிமீட்டர் கூடிவிடும். இடமில்லாத ஆக்ஸில் வில்லாக வளையும். டெட் சென்டராக இருந்தால் கிரீஸ் எரிந்து சென்டர் துளை கருகும். ஒவ்வொரு கனமான கட்டுக்கும் (டூலின் ஒரு வெட்டு) பிறகு டெயில் ஸ்டாக்கைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் சரிசெய்யுங்கள்.

டெயில் ஸ்டாக்கை நேர்படுத்துதல்

இரண்டு சென்டர்களும் பெட்டுக்கு (லேத்தின் நீண்ட அடிப்பகுதி) இணையான ஒரே கோட்டில் இல்லாவிட்டால் ஆக்ஸில் கூம்பாக வரும். நடுப்பகுதியில், ஒன்றுக்கொன்று 500 மி.மீ. தள்ளி இரண்டு பட்டைகளை, கிராஸ் ஸ்லைடின் (டூலை ஆக்ஸிலை நோக்கி நகர்த்தும் பகுதி) அளவை மாற்றாமல், மெலிதாகக் கடைந்து மைக்ரோமீட்டரில் அளவிடுங்கள். டெயில் ஸ்டாக் பக்கம் 0.06 மி.மீ. பெரிதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் தெரியும் வேறுபாட்டின் பாதியே மையத்தின் விலகல். எனவே 500 மி.மீ. தூரத்துக்கு 0.03 மி.மீ. விலகல். சென்டர்களுக்கு இடையே 700 மி.மீ. என்பதால், டெயில் ஸ்டாக்கை 0.03 × 700 ÷ 500, அதாவது 0.042 மி.மீ. உங்களை நோக்கி நகர்த்த வேண்டும். டெயில் ஸ்டாக்கின் பக்கவாட்டில் டயலை ஊன்றிவைத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். அந்தப் பக்கம் சிறிதாக இருந்தால் எதிர்த்திசையில் நகர்த்துங்கள். நீண்ட ராடு டூலின் அழுத்தத்தில் நடுவே விலகுவதால் நடுப்பகுதி சற்றுப் பருத்திருப்பது வேறு குறை. அதை டெயில் ஸ்டாக்கால் திருத்த முயலாதீர்கள்.

ரஃப் முடித்துப் பிறகு பினிஷ்

ஒரு முனையை முழுவதும் முடித்துவிட்டு மறுமுனைக்குப் போவது தவறான வரிசை. மேல்தோல் போகும்போது ராடின் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டு, ராடு சற்று வளையும். எனவே எல்லா விட்டங்களிலும் 0.5 மி.மீ. மிச்சம் வைத்து இருபுறமும் ரஃப் கடைந்து, ஆறவிட்டு, அதன் பிறகே பினிஷுக்கு வாருங்கள். ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகம் என்று கொண்டால், 50 மி.மீ. விட்டத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 சுற்று வரும்.

தோள்களின் இடம்

சக்கரம் முட்டி நிற்கும் தோள் (விட்டம் மாறும் படி) ஆக்ஸில் முனையிலிருந்து 60 மி.மீ. தூரத்திலும், பேரிங் முட்டும் தோள் 85 மி.மீ. தூரத்திலும் வர வேண்டும். இரு சக்கரத் தோள்களுக்கும் இடையிலுள்ள 580 மி.மீ. தூரமே, சக்கரங்கள் தண்டவாளத்தில் எங்கே ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

நான்கைந்து ஆக்ஸில்கள் செய்யும்போது, கேரேஜ் ஸ்டாப்பை (டூலைச் சுமந்து நகரும் கேரேஜை நிறுத்தும் தடை) ஒருமுறை பூட்டிவிட்டு எல்லாவற்றையும் அதிலேயே கடைந்துவிடலாம் என்று தோன்றும். ஹெட் ஸ்டாக் பக்கத்துச் சென்டர் துளையின் வாய் ஓர் ஆக்ஸிலில் 10 மி.மீ., இன்னொன்றில் 10.5 மி.மீ. என்றிருந்தால், 60 டிகிரிக் கூம்பில் இரண்டாவது ஆக்ஸில் 0.43 மி.மீ. இடப்பக்கம் தள்ளி உட்காரும். தோளும் அவ்வளவு தவறும். ஆகவே ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும், ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, டூலை வலது முகத்தின் விளிம்பில் மெல்லத் தொடவையுங்கள். கேரேஜுக்கும் ஸ்டாப்புக்கும் இடையே சரியாக 60 மி.மீ. நீளமுள்ள கட்டை ஒன்றை வைத்து ஸ்டாப்பைப் பூட்டிவிட்டு, கட்டையை எடுத்துவிடுங்கள். கேரேஜ் இனி 60 மி.மீ. மட்டுமே நகரும். ஆட்டோ ஃபீடைத் தோளுக்கு இரண்டு மி.மீ. முன்பே நிறுத்தி, மீதியைக் கையால் கொண்டுபோங்கள்.

தோளின் உள்மூலையைக் கத்திபோலக் கூர்மையாக விடக் கூடாது. சுமை ஏறி இறங்கும் ஆக்ஸிலில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். 0.8 மி.மீ. நுனி வளைவுள்ள டூலால் முடித்தால், 6208 பேரிங்கின் உள்வளைய மூலையும் இடிக்காமல் உட்காரும்.

பினிஷ் அளவு

ஆக்ஸில் சுழல்வதால் பேரிங்கின் உள்வளையம் அதன்மேல் இறுக்கமாக நிற்க வேண்டும். கே6 என்ற தர அளவு வரம்பின்படி 40 மி.மீ. பகுதி 40.002 முதல் 40.018 மி.மீ. வரை இருக்கலாம்; 16 மைக்ரான் மட்டுமே இடம். வழக்கத்தைவிட 30 டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கும் ஆக்ஸிலின் 40 மி.மீ. விட்டம் 14 மைக்ரான் பருத்திருக்கும். கையில் சூடு உறைக்கும்போது அளந்து சரியென்று இறக்கினால், மறுநாள் பேரிங் தளர்வாக நுழையும். மைக்ரோமீட்டரும் ஆக்ஸிலும் ஒரே குளிர்ச்சிக்கு வரும்வரை காத்திருந்து, கடைசிக் கட்டுக்கு முன் அளவெடுங்கள்.

முடித்தபின் ஆக்ஸிலைச் சென்டர்களிலிருந்து இறக்குவதற்குமுன், டயலை நான்கு பகுதிகளிலும் வைத்து, டாக்கைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பிறகு ஆக்ஸிலைத் திருப்பி ஏற்றி மீண்டும் பாருங்கள். இரண்டு முறையும் முள் 0.01 மி.மீ. அளவுக்குள் நின்றால் துளைகள் நன்றாக உட்கார்ந்திருக்கின்றன. திருப்பியதும் முள் கூடுதலாக ஆடினால், துளையைத் துணியால் துடைத்து, பிசிறு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் காரணம் கிடைக்கும்.

பழைய ஆக்ஸில் பழுதுக்கு வந்தால்

சென்டர் துளை நசுங்கிய பழைய ஆக்ஸில் வரும்போது நான்கு தாடைச் சக்கை நாட வேண்டும். தேயாத ஒரு பகுதியில் டயலை வைத்து, சக்கைக் கையால் சுற்றுங்கள். முள்ளின் மிகப்பெரிய அளவுக்கும் மிகச்சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாடு 0.30 என்றால், மையம் 0.15 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று பொருள். முள் அதிகம் காட்டும் பக்கத்துக்கு எதிரே உள்ள தாடையைச் சிறிது தளர்த்தி, அதிகம் காட்டும் பக்கத்துத் தாடையை இறுக்குங்கள்; எதிரெதிர் இணையாக, ஒரு நேரத்தில் ஓர் இணை மட்டும். சக்கின் அருகே சரியானதும், ஸ்டெடி வைக்கும் முனையிலும் டயல் வைத்து நேராக்கிய பிறகே, நசுங்கிய துளையைப் புதிதாக எடுங்கள். ஸ்பிண்டிலை ஓட்டுவதற்குமுன் சக் சாவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆக்ஸிலைக் கொடுத்து அனுப்பும்போது இரு துளைகளிலும் கிரீஸ் அப்பி, முனைகளில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். சக்கரம் ஏற்றுபவர் ஆக்ஸிலின் முனையில் சுத்தியலால் நேராக அடிக்கக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.